விலைக்குறிப்பும் விளிம்பெழுத்தும்: சிங்கப்பூரின் பழைய மோட்டார் விற்பனைச் சிற்றேடுகளைப் பாதுகாத்தல்

முன்னுரை

அச்சகத்திலிருந்து வெளிவருவன அனைத்தும் நூலகத்தைச் சென்று சேர்வதில்லை. நூல்களும் இதழ்களும் நாளேடுகளும் ஓரளவு பேணப்படுகின்றன. கடைக்காரர் கையில் கொடுக்கும் விலைப்பட்டியல், பொருளின் சிறப்பை எடுத்துரைக்கும் வண்ணச் சிற்றேடு, துண்டு விளம்பரம், பற்றுச்சீட்டு, நாள்காட்டி முதலியன தம் வேலை முடிந்ததும் எறியப்படுகின்றன. இத்தகைய அச்சுப் பொருள்களை ஈண்டு 'நிலையா அச்சு' என வழங்குவோம். அவற்றுள் ஒரு வகையாகிய மோட்டார் வண்டி விற்பனைச் சிற்றேடுகளை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூர்ச் சூழலில் அவற்றை ஏன் பேணவேண்டும், அவற்றில் எதனைப் பேணவேண்டும், எவ்வாறு பேணவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

மோட்டார் சிற்றேட்டில் தமிழ்த் துறையினர்க்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுவது இயல்பே. தமிழாய்வு நிலையா அச்சினால் பெற்ற பயனை எண்ணிப் பார்த்தால் இவ்வையம் நீங்கும். திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் நாடக அறிவிப்புகளும் இல்லையெனில் தமிழ்த் திரை வரலாறும் மேடை வரலாறும் பாதியாகக் குறைந்திருக்கும். தெருமுனைகளில் விற்ற மலிவுப் பதிப்புகளை ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்', அறிஞர் நூலகங்கள் ஒதுக்கிய தாள்களிலும் வரலாறு உண்டு என்பதை நிறுவிற்று. வாணிக அச்சிலும் அத்தகைய வரலாறு உண்டு என்பது நம் கருத்து.

உலக முயற்சிகளும் தமிழக முன்னோடியும்

மேலைநாடுகளில் இவ்வகைத் தொகுப்பு நெடுங்காலமாகவே நிறுவனங்களின் பணியாக வளர்ந்துள்ளது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமை அச்சாளராக இருந்த ஜான் ஜான்சன் திரட்டிய நிலையா அச்சுத் தொகுதி 1968இல் போட்லியன் நூலகத்திற்கு மாற்றப்பட்டது. 1975இல் மாரிஸ் ரிக்கர்ட்ஸ் இலண்டனில் இத்துறைக்கென ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். மோட்டார் துறையைத் தனித்து நோக்கின், டெட்ராய்ட் பொது நூலகம், பிலடெல்ஃபியா நகரின் ஃப்ரீ லைப்ரரி, இங்கிலாந்தின் பியூலி, கேடன் ஆகிய இடங்களிலுள்ள மோட்டார் அருங்காட்சியகங்கள் முதலியவற்றில் விற்பனைச் சிற்றேடுகள் முறையாக அடுக்கப்பட்டு ஆய்வாளர்க்கு வழங்கப்படுகின்றன.

தமிழுலகில் இதற்கு நெருங்கிய முன்னோடி கோட்டையூர் ரோஜா முத்தையா ஆவார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்களோடு நில்லாமல் அறிவிப்புகள், அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள் எனக் கையில் கிடைத்த அச்சையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழகத்திலேயே வைத்துப் பேண முன்வந்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எழுத்தின் வடிவத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கு அறிவிப்புத் தாளும் நூலுக்கு நிகராகத் தோன்றியது வியப்பன்று.

சிங்கப்பூரில் மோட்டார் வாணிகம்

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896ஆம் ஆண்டில் வந்தது. கட்ஸ் சகோதரர் நிறுவனம் இறக்குமதி செய்த அந்த பென்ஸ் வண்டியை வாங்கியவர் வழக்கறிஞரும் வரலாற்று நூலாசிரியருமான சார்ல்ஸ் பக்லி. அதன் இரைச்சலைக் கேட்ட ஊரார் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பெயரிட்டனர். 1906இல் வேர்ன் சகோதரர் நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டில் மோட்டார் உரிமையாளர் சங்கம் அமைந்தது. 1899இல் கோலாலம்பூரில் தொடங்கிய சைக்கிள் அண்ட் கேரேஜ் நிறுவனம் 1951இல் மெர்சிடிஸ் பென்ஸ் முகவாண்மையைப் பெற்றது. போர்னியோ மோட்டார்ஸ் 1967 முதல் டொயோட்டா வண்டிகளை விற்கலாயிற்று.

ஃபோர்ட் நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் மலாயாவுக்கான கிளையை நிறுவியது. 1941இல் புக்கிட் தீமாவில் தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் தொழிற்சாலையைத் திறந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் சரணடைந்ததும் அவ்விடத்திலேயே. 1980இல் மூடப்பட்ட அத்தொழிற்சாலை 2006இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று போர்க்கால வரலாற்றுக் காட்சிக்கூடமாக விளங்குகிறது. அங்குச் செல்வோர் சரணாகதி நடந்த அறையைக் காண்பர். அங்குப் பொருத்தப்பட்ட வண்டிகள் எந்தச் சொற்களால், எந்த விலையில், யாருக்கு விற்கப்பட்டன என்பதை அறிய விழைவோர்க்கு வேறு சான்றுகள் தேவை. அவற்றுள் முதன்மையானது விற்பனைச் சிற்றேடு.

வண்டி மறையத் தாள் எஞ்சும் ஊர்

பழைய வண்டி ஒன்றை நேரில் கண்டு ஆராயும் வாய்ப்பு பல நாடுகளில் உண்டு. தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட கார்களைத் தெருவிலும் காணலாம், கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு நினைவாக அமைந்த கார் அருங்காட்சியகத்திலும் காணலாம். சிங்கப்பூரின் நிலை வேறு. 1990 மே முதல் இங்கு வாகன ஒதுக்கீட்டு முறை நடப்பிலுள்ளது. புதிய வண்டியைப் பதிவு செய்வதற்குப் பெறும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே செல்லும். அக்கால எல்லையில் உரிமையாளர் சான்றிதழை ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்றேல் வண்டியின் பதிவை நீக்கவேண்டும். பதிவு நீங்கிய வண்டி உடைக்கப்படும் அல்லது வெளிநாட்டிற்கு ஏற்றுமதியாகும். 35 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனித் திட்டம் இருப்பினும், அதில் சேர்ந்தவை ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்களே சாலையில் ஓட இயலும்.

இடநெருக்கடி மிக்க தீவில் இக்கொள்கைக்குத் தக்க காரணங்கள் உள. ஆயினும் வரலாற்றாய்வாளர் அதன் விளைவைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு தலைமுறை சாலையில் கண்ட வண்டிகளை அடுத்த தலைமுறை காண்பதில்லை. நீடித்து உழைக்குமாறு இரும்பால் செய்த பொருள் முதலில் மறைகிறது. ஒருமுறை படித்து எறிவதற்கென அச்சிட்ட தாளே, யாரேனும் எடுத்து வைத்திருந்தால், எஞ்சுகிறது.

அவ்வாறு எஞ்சியவை முன்னர்ப் பழம்பொருள் சந்தைகளை வந்தடைந்தன. லிட்டில் இந்தியாவை அடுத்து, மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஜாலான் புசார் வட்டாரத்தில், 1930களிலிருந்து இயங்கிய சுங்கை சாலைச் சந்தை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. வீடு மாறுவோரும் கடையை மூடுவோரும் கழித்த தாள்களுக்கு அது ஒரு தங்குமிடமாயிருந்தது. 2017 ஜூலை 10ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. மேலும், கார் விற்பனையாளர்கள் இன்று தாளைவிட மின்கோப்புகளையே மிகுதியும் வழங்குகின்றனர். தாளில் அமைந்த வரிசை முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதனைத் திரட்டுதற்குரிய காலமும் சுருங்கிவருகிறது.

தூய படியும் புழங்கிய படியும்

எதனைப் பேணவேண்டும் என்னும் இரண்டாம் வினாவே இக்கட்டுரையின் மையமாகும். சிங்கப்பூரில் வழங்கிய மோட்டார் சிற்றேடுகளுள் மிகப் பல இங்கு அச்சானவை அல்ல. வண்டி எங்கே உருவாயிற்றோ அங்கேயே, அஃதாவது பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ ஜப்பானிலோ, ஏற்றுமதிச் சந்தைகளுக்கெனப் பல்லாயிரம் படிகளாக அச்சிட்டு அனுப்பப்பட்டவை. அச்சு என்ற அளவில் அவற்றின் தூய படிகள் மேலே குறிப்பிட்ட வெளிநாட்டு நூலகங்களில் கிடைக்கும். அப்படிகளையே நாமும் சேர்த்து வைப்பதால் சிங்கப்பூர் வரலாற்றிற்குக் கிடைக்கும் புதுச் செய்தி குறைவு.

இவ்வூரில் அச்சிற்றேட்டுடன் சேர்ந்தவையே நமக்குரியவை. பின்னட்டையில் முகவர் குத்திய முத்திரை; உள்ளே செருகிய உள்ளூர் விலைத்தாள்; கருவியாகக் கொடுக்கும் குளிரூட்டி, வானொலி ஆகியவற்றுக்குத் தனியே எழுதிய விலை; விற்பனையாளர் பென்சிலால் போட்ட தவணைக் கணக்கு; வாங்க எண்ணியவர் ஒரு நிறத்தின்மேல் இட்ட வட்டம்; ஓரத்தில் எழுதிய தொலைபேசி எண். இவை அனைத்தும் ஒரே ஒரு படியில் மட்டுமே உள்ளவை. அவற்றை இழந்தால் மீட்க வேறு மூலம் இல்லை.

ஆனால் சேகரிப்போர் சந்தையின் மதிப்பீடு இதற்கு நேர்மாறானது. எழுத்தும் கறையும் முத்திரையும் இல்லாத படிக்கே அங்கு விலை மிகுதி. அதனால் விலைத்தாளைத் தனியே எடுத்து எறிதலும், பென்சில் எழுத்தை அழித்தலும், முத்திரையுள்ள பகுதியை வெட்டுதலும் நிகழ்கின்றன. நன்மனத்துடன் 'தூய்மை' செய்வோர் தம்மை அறியாமலே சான்றை அழிக்கின்றனர்.

தமிழாய்வாளர்க்கு இக்கருத்து புதிதன்று. ஓலைச்சுவடியின் இறுதியில் ஏடெழுதினவர் தம் பெயரையும் ஊரையும் எழுதி முடித்த ஆண்டு, திங்கள், நாளையும் குறிப்பதுண்டு. மூலபாடம் பல சுவடிகளில் இருப்பினும் அக்குறிப்பு அச்சுவடி ஒன்றில்தான் இருக்கும். சுவடி எங்கிருந்தது, யாரிடம் இருந்தது, எவர் படித்தார் என்பனவற்றை அதனாலேயே அறிகிறோம். மோட்டார் சிற்றேட்டின் விளிம்பெழுத்தும் அத்தகையதே. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ. வே. சாமிநாதையரின் எழுத்துகளால் அறிந்து வருந்தும் நாம், நம் காலத்து ஏடுகள் மறுசுழற்சித் தொட்டியில் சேர்வதைக் கண்டும் காணாதிருத்தல் பொருந்தாது.

நூலகச் சட்டத்தின் எல்லை

அரசு நூலகங்கள் இவற்றைத் திரட்டமாட்டாவோ என வினவலாம். தேசிய நூலக வாரியச் சட்டத்தின்படி சிங்கப்பூரில் வெளியிடப்படும் நூல்களின் படிகளைப் பதிப்பாளர் ஒப்படைக்க வேண்டும். 2018இல் இயற்றப்பட்ட திருத்தம் மின்னூல்களையும் சிங்கப்பூர் இணையத்தளங்களையும் இதில் உட்படுத்தியது. எனினும் இவ்வேற்பாடு பதிப்பாளர் ஒருவர் உண்டு என்னும் அடிப்படையில் இயங்குகிறது. கார் முகவர் தம்மைப் பதிப்பாளராகக் கருதுவதில்லை. வெளிநாட்டில் அச்சான சிற்றேடு சிங்கப்பூர் வெளியீடும் அன்று. அதனுள் செருகிய தட்டச்சு விலைத்தாளோ எவர் கண்ணிலும் வெளியீடாகத் தோன்றாது. மூன்று வாயில்களும் இவ்வாறு அடைபடுகின்றன.

ஆகவே இவை நன்கொடையாலும் தேடலாலுமே நிறுவனங்களை அடைய முடியும். விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகம் நிலையா அச்சினையும் சேர்த்து வருகிறது. 2018இல் அங்குத் தொடங்கிய பழைய விளம்பரங்கள் பற்றிய கண்காட்சியில் மோட்டார் வண்டிகளும் ஒரு பிரிவாக இடம்பெற்றன. 2015இல் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், சமூகத்தின் பொருள்களைக் காக்கும் மற்றோர் இடமாகும். அதே ஆண்டில், விடுதலைக்குப் பிந்திய ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், சமூகமும் நூலகமும் கைகோத்தால் எவ்வளவு விரைவில் செயலாற்றலாம் என்பதைக் காட்டியது. இலக்கியத்திற்குச் செய்ததை வாணிக அச்சுக்கும் செய்தல் கூடும்.

தமிழ் நிற்கும் இடம்

மோட்டார் சிற்றேடுகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. கார் வாங்கும் வசதி படைத்தோரை நோக்கி அவை எழுதப்பட்டன. ஆனால் வண்டியை வாங்கியவரோடு வாணிகம் முடிந்துவிடவில்லை. அதனை ஓட்டியவர், கழுவியவர், பழுது பார்த்தவர், உதிரிப்பாகம் விற்றவர் எனப் பலர் அதனைச் சூழ்ந்திருந்தனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் வழங்கிய சொற்கள் ஆங்கிலச் சிற்றேட்டின் அச்சில் இடம்பெறவில்லை. அவை இருப்பின் விளிம்பெழுத்திலும், பட்டறைக் கணக்கேட்டிலும், உதிரிப்பாகப் பட்டியலின் ஓரத்திலும், தமிழ் நாளேடுகளின் விளம்பரப் பகுதியிலுமே இருத்தல் கூடும்.

'கார்', 'மோட்டார்', 'மகிழுந்து', 'சீருந்து' என ஒரு பொருளுக்கே பல பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. வண்டியைச் செலுத்துவோர் 'டிரைவர்', 'ஓட்டுநர்', 'சாரதி' எனப்படுகின்றனர். குதிரைக்காரனைக் குறித்த 'சைஸ்' என்னும் சொல் இந்துஸ்தானி வழியாக மலாயாவுக்கு வந்து, குதிரை போய் மோட்டார் வந்தபின் கார் ஓட்டுநரையும் குறிக்கலாயிற்று. இச்சொற்களுள் எது எப்போது கடைத்தெருவில் புழங்கத் தொடங்கியது, கலைச்சொல் அகராதி படைத்த சொல்லைப் பட்டறை ஏற்றதா, தமிழகத்து வழக்கும் சிங்கப்பூர் வழக்கும் எங்கே பிரிந்தன என்னும் வினாக்களுக்கு அகராதி மட்டும் விடை தராது. நாளும் இடமும் உறுதிப்பட்ட வாணிகத் தாள்கள் வேண்டும். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைப்பது பெரும்பேறு. அவ்விதழ்களின் விளம்பரங்களையும் கையிலுள்ள சிற்றேடுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும் ஆய்வாக அமையும்.

காலத்தைக் கணித்தல்

சிற்றேடுகளில் ஆண்டு அச்சிடப்படுவது அரிது. பழைய சரக்கு எனத் தோன்றக்கூடாது என்பதே காரணம். ஆயினும் அகச்சான்றுகள் பல உள. பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சுக் குறியீடு இருக்கலாம். படிகளின் எண்ணிக்கை, திங்கள், ஆண்டு ஆகியவை அதில் சுருக்கமாக அடங்கியிருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பெயரில் வரும் எட்டு, பத்து முதலிய எண்கள் அந்நாட்டு வரிக்குரிய குதிரைத்திறனைச் சுட்டுவன. அவ்வரிமுறை 1940களின் இறுதியில் நீங்கியது.

உள்ளூர்ச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. சிங்கப்பூரில் அஞ்சல் வட்டாரங்களுக்கு இரண்டிலக்க எண் 1950இலும், நான்கிலக்க அஞ்சல் குறியீடு 1979இலும், ஆறிலக்கக் குறியீடு 1995இலும் வந்தன. 2002 மார்ச்சில் தொலைபேசி எண்களின் முன் 6 சேர்ந்து அவை எட்டிலக்கமாயின. சிங்கப்பூர் வெள்ளி 1967இல் வெளியானது; அதற்கு முன் மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாணயத்தைப் பயன்படுத்தின. மைலும் காலனும் கிலோமீட்டருக்கும் லிட்டருக்கும் இடம்விட்டதும் ஒரு குறிப்பாகும். 1970இல் அதற்கென ஒரு வாரியம் அமைந்தது. இவற்றுள் பல முத்திரையிலும் விலைத்தாளிலுமே காணப்படுவன. அவற்றை நீக்கினால் காலத்தைக் கணிக்கும் வழியையும் நீக்கியவராவோம்.

தாளைப் பேணும் முறை

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடிப்பின் தாளில் பூஞ்சணம் தோன்றும். ஏறத்தாழ 35 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதமே தாளுக்கு உகந்தது. பகலில் குளிரூட்டியை இயக்கி இரவில் நிறுத்தும் அறை, ஈரப்பதம் ஏறியிறங்குவதால் தாளுக்குத் தீங்கே செய்யும். தனியார்க்கு ஏற்ற எளிய வழி, ஒளிப்படக் கருவிகளுக்கு வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியாகும்.

சிற்றேடுகள் பெரும்பாலும் வழவழப்பான பூச்சுத் தாளில் அச்சானவை. வண்ணப் படம் தெளிவாக விழ வெண்களிமண் போன்ற பொருள்களைப் பூசிய தாள் அது. நனைந்தபின் அது அழுந்தி உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் பிரித்தல் அரிது. ஆதலின் நனைந்த சிற்றேட்டை மூடியபடி உலர விடலாகாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கிடையே ஒட்டாத் தாளைச் செருகி உலர்த்த வேண்டும். எண்ணிக்கை மிகுதியாயின் உடனே உறைய வைத்துப் பாதுகாப்பு வல்லுநரை நாடவேண்டும்.

கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். துரு பரவியிருப்பின் கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். ஒட்டுநாடா, ரப்பர் வளையம், நெகிழித் தகடிட்டு மூடுதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. சூட்டினால் ஒட்டிய தகட்டைப் பின்னர் நீக்கவியலாது. பிவிசி உறைகள் நாளடைவில் அமிலத்தன்மை கொண்ட பொருள்களை வெளியிடும். அவற்றினும் பாலியெஸ்டர் உறைகள் நல்லன. ஒவ்வொரு சிற்றேட்டையும் அமிலமற்ற தாளாலான மடிப்புறையில் தட்டையாக வைக்கவேண்டும். விரித்துப் பார்க்கும் பெரிய தாள்களைப் பழைய மடிப்பிலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் மடிப்புக்கோடு கிழியும். இடமிருப்பின் விரித்தே வைத்தல் நன்று.

சுவடிகளுக்கு வேப்பிலையும் வசம்பும் இட்ட நம் முன்னோர் வழக்கம் பூச்சியை அகற்றும் நோக்கமுடையது. ஆனால் இலை பூச்சுத் தாளை நேராகத் தொட்டால் கறை படியும். பூச்சி தாக்கிய தாள்களைக் காற்றுப் புகாத பையில் இட்டு, ஏறத்தாழ 20 பாகை உறைநிலைக்குக் கீழ் இரு வாரம் வைத்தெடுத்தல் வேதிப்பொருளற்ற வழியாகும்.

விவரக்குறிப்பும் மின்படியும்

பேணிய தாளைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாவிடின் பேணியதன் பயன் சுருங்கும். ஒவ்வோர் உருப்படிக்கும் நிறுவனத்தின் பெயர், வண்டியின் பெயர், மொழி, பக்க எண்ணிக்கை, அளவு, அச்சுக் குறியீடு, கணித்த காலம், கணித்ததற்கான காரணம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். இவற்றோடு முத்திரை, செருகுதாள், கையெழுத்து ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி வேண்டும். அவற்றின் எழுத்தை உள்ளது உள்ளவாறே, பிழை திருத்தாமல் பெயர்த்தெழுத வேண்டும். தமிழில் இருப்பின் தமிழெழுத்திலேயே தருதல் இன்றியமையாதது. யாரிடமிருந்து, எவ்வட்டாரத்திலிருந்து, எந்த நாளில் பெறப்பட்டது என்னும் வரலாறும் வேண்டும்.

மின்படி எடுக்கும்போது வெற்றுப் பக்கங்களையும் பின்னட்டையையும் விடலாகாது; முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்குலத்திற்கு 400 புள்ளிகளுக்குக் குறையாமல் வண்ணத்தில் எடுத்து, சுருக்கப்படாத டிஃப் கோப்பாக இரண்டு இடங்களில் வைக்கலாம். செருகுதாள் எந்தப் பக்கங்களுக்கிடையே இருந்ததோ அந்நிலையில் ஒரு படமும், எடுத்தபின் தனியே ஒரு படமும் தேவை.

இருவகை உரிமைகளையும் மனங்கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பாதுகாப்பின் பொருட்டுப் படியெடுக்க இடமளிக்கிறது. தனியார் ஒருவர் முழுச் சிற்றேட்டையும் இணையத்தில் வெளியிடுவது அதனின் வேறானது. விளிம்பில் உள்ள பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவை வாழும் மனிதருக்குரியவை. மூலத்தில் அவற்றை அழிக்காது, வெளியிடும் படியில் மட்டும் மறைத்தல் முறையாகும்.

வகுப்பறைக்குரிய பயன்

தமிழாசிரியர்கள் இப்பணியில் இரு வகையில் பங்கு கொள்ளலாம். முதலாவது, மொழிப் பயிற்சி. விற்பனைச் சிற்றேட்டின் நடை தனித்தன்மை வாய்ந்தது. வினைமுற்றுக் குறைந்து பெயர்த்தொடர்கள் அடுக்கிவரும், அடைகள் மிகும், படிப்போர் நேராக விளிக்கப்படுவர். பழைய ஆங்கிலச் சிற்றேடு ஒன்றின் நகலைக் கொடுத்து, அதனை 1950களின் சிராங்கூன் சாலைத் தமிழருக்கு விற்பதாக எண்ணித் தமிழில் எழுதச் சொன்னால், எச்சொல்லைத் தேர்வது, எந்த மரியாதை வடிவத்தில் விளிப்பது என்பன போன்ற மொழிச் சிக்கல்கள் மாணவர்க்குத் தாமே புலப்படும்.

இரண்டாவது, களப்பணி. பல்கலைக்கழக மாணவர்க்கு இடுபணியாக, ஓட்டுநராகவோ பட்டறைத் தொழிலாளராகவோ இருந்த முதியோரைச் சந்தித்து, சிற்றேட்டின் படங்களைக் காட்டி, ஒவ்வொரு பாகத்திற்கும் அவர்கள் வழங்கிய சொல்லைப் பதிவு செய்யச் சொல்லலாம். படம் நினைவைத் தூண்டும்; நினைவு படத்திற்கு விளக்கமாகும். இம்முதியோரின் சொற்களும் தாளைப் போன்றே நிலையாதவை என்பதை நாம் மறத்தற்கில்லை. இதே முறையை லிட்டில் இந்தியாவின் நகைக்கடை நாள்காட்டிகள், புடவைக் கடைகளின் தீபாவளித் துண்டு விளம்பரங்கள், மளிகை விலைப்பட்டியல்கள் ஆகியவற்றுக்கும் விரிக்கலாம். அவற்றில் தமிழ் விளிம்பில் நிற்காது நடுவிலேயே நிற்கும்.

முடிவுரை

சிங்கப்பூரில் பழைய வண்டிகள் நீடிப்பதற்கு இடமில்லை. அவற்றின் தாள்களைச் சட்டமும் சந்தையும் முழுமையாகக் காப்பதில்லை. வெளிநாட்டுக் காப்பகங்களில் தூய படிகள் உள்ளமையால், இங்குள்ளோர் பேணவேண்டியவை முத்திரையும் விலைத்தாளும் கையெழுத்தும் கூடிய புழங்கிய படிகளே. தமிழரின் உழைப்பையும் சொல்லையும் இவ்வாணிகத்தில் தேடுவோர்க்கு அவ்விளிம்புகளே முதற்களம். பெருந்திட்டமும் பெரும்பொருளும் வரும்வரை காத்திராமல் தொடங்கத்தக்க பணி இது. நம் இல்லங்களிலும் உறவினர் கடைகளிலும் இத்தகைய தாள் ஒன்று கிடைப்பின், அதில் எதனையும் அழிக்காமல், எதனையும் பிரிக்காமல், யாரிடமிருந்து எந்நாளில் பெற்றோம் என்பதை அமிலமற்ற சீட்டொன்றில் பென்சிலால் எழுதி உடன்வைத்தல் முதற்படியாகும். அச்சீட்டைப் பின்வரும் ஆய்வாளர் ஏட்டின் இறுதிக் குறிப்பாகவே கொள்வர்.